குடல் மருத்துவரைப் பார்ப்பதும் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையும்: முழுமையான வழிகாட்டி

குடல் மருத்துவரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் எதை எப்போது, எப்படிச் செய்வது என்பதில்தான் சறுக்குகிறார்கள். மலத்தில் ரத்தம் போகிற ஒருவர், வீட்டிலேயே செய்யும் மலப் பரிசோதனையை வாங்கிச் செய்து, ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார். எந்தத் தொந்தரவும் இல்லாத ஐம்பது வயதுக்காரர் தனக்குப் பரிசோதனையே தேவையில்லை என்று இருந்துவிடுகிறார். பேதி மருந்தில் பாதியைக் கொட்டிவிட்டுக் கொலோனோஸ்கோப்பிக்கு (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) போகிறவர், ‘சரியாகத் தெரியவில்லை, மறுபடி வாருங்கள்’ என்ற ரிப்போர்ட்டோடு திரும்புகிறார். மூன்றுமே தவிர்க்கக்கூடியவை.

1. தொந்தரவுக்காகப் போகிறீர்களா, தொந்தரவே இல்லாமல் போகிறீர்களா?

இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதைப் பொறுத்தே மாறும்.

ஸ்கிரீனிங் என்பது உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குச் செய்வது. பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி. பெருங்குடலில் வளரும் அடினோமா என்ற வகைப் பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும். அந்த இடைவெளியில் அதைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வருவதையே தடுத்துவிடலாம். பாலிப் வலிக்காது, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தமும் கசியாது. ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்ற காரணம் அதனால்தான் இங்கே செல்லாது.

அறிகுறி இருந்தால் கதை வேறு. அப்போது தேவைப்படுவது நோயைக் கண்டறியும் பரிசோதனை. வயது வரம்பு பார்க்கக் கூடாது. கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நீங்கள் இந்தப் பக்கம்தான்:

- மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கறுத்து ஒட்டும் மலம்
- சில வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருப்பது: புதிதாக வந்த மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முழுதாகப் போகாத உணர்வு
- முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைவது
- இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை
- விழுங்கும்போது உணவு தடைபடுவது, தொடர்ந்து வாந்தி
- தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி அல்லது வயிற்றுப்போக்கு

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு: ‘மூலம்தான்’ என்று தானே முடிவு செய்துகொள்வது. மூலம் பலருக்கும் இருக்கிறது. மூலம் இருப்பவருக்கே குடலில் கட்டியும் இருக்கலாம். ரத்தத்தின் நிறத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. முப்பதுகளில் இருப்பவர்களும் இதற்கு விலக்கில்லை. ஐம்பது வயதுக்குக் கீழே பெருங்குடல் புற்றுநோய் பல நாடுகளில் கூடிவருகிறது. வயது குறைவு என்பதாலேயே மாதக்கணக்கில் மூலத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்து, நோய் முற்றிய பிறகு வருபவர்கள் இருக்கிறார்கள்.

இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத் கலந்த வயிற்று மருந்தும் மலத்தைக் கறுப்பாக்கும். அவற்றைச் சாப்பிடாமலேயே கறுத்துப் போனால் காத்திருக்காதீர்கள்.

2. இவற்றுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்காதீர்கள்

ரத்த வாந்தி, கட்டி கட்டியாக ரத்தப்போக்கு, கறுத்த மலத்தோடு தலைசுற்றல், கல் போல இறுகிய வயிற்றோடு கடும் வலி, வயிறு உப்பி மலமும் வாயுவும் சுத்தமாக நின்றுபோவது. இவை அவசரப் பிரிவுக்கு உரியவை. நிபுணரின் நேரத்துக்காகக் காத்திருந்தால் உயிர் காக்கும் நேரத்தை இழந்துவிடுவீர்கள்.

3. வயதையும் குடும்பத்தையும் வைத்துத் தொடங்கும் நாளைக் கணக்கிடுங்கள்

குடும்பத்தில் யாருக்கும் இல்லை, உங்களுக்கும் குடல் நோய் எதுவும் இல்லை என்றால் நீங்கள் சராசரி ஆபத்துள்ளவர். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-ல் இவர்களுக்கான தொடக்க வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது. பல நாடுகளின் திட்டங்கள் இன்னும் 50-ல் தொடங்குகின்றன. 75 வயது வரை தொடர வேண்டும். 76 முதல் 85 வரை, உடல்நிலையையும் முன்பு செய்த பரிசோதனைகளையும் பார்த்து மருத்துவரோடு பேசி முடிவெடுப்பது.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால் கணக்கு மாறும். 40 வயது, அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதிலிருந்து பத்தைக் கழித்த வயது, இரண்டில் எது முன்னதோ அதில் கொலோனோஸ்கோப்பி தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 46 வயதில் தெரியவந்தது என்றால் மகளுக்கு 36. அதனால் ‘அப்பாவுக்குக் குடல் புற்றுநோய்’ என்று மட்டும் தெரிந்தால் போதாது. எந்த வயதில் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில், குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் லின்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நிலை இருக்கலாம். அவர்களுக்குப் பரிசோதனை இருபதுகளிலேயே தொடங்கும். குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் பாலிப் வளரும் பரம்பரை நோயில் 10–12 வயதிலேயே தொடங்கிவிடுவார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அல்லது பெருங்குடலைப் பாதித்த குரோன் நோய் உள்ளவர்களுக்கு, நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனதும் கண்காணிப்பு தொடங்க வேண்டும். நீண்ட கால அழற்சியே புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதுதான் காரணம்.

4. மருத்துவரிடம் போகும் முன் இவற்றைச் சேர்த்துவையுங்கள்

முதல் சந்திப்பின் நேரம் குறைவு. கையில் தாள் இல்லாமல் போனால் பாதி நேரம் ‘எப்போதிலிருந்து?’, ‘என்ன மாத்திரை?’ என்பதிலேயே போய்விடும்.

முதலாவது, இரண்டு வாரக் குறிப்பு. என்ன தொந்தரவு, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மலம் கழித்ததும் வலி குறைகிறதா கூடுகிறதா, இரவில் எழுப்புகிறதா. மலத்தின் தன்மைக்குப் பிரிஸ்டல் அளவுகோலைப் பயன்படுத்தலாம். தனித்தனி உருண்டைகளாக இருந்தால் 1, முழுதும் நீராகப் போனால் 7, வழவழப்பாகப் பாம்பு போல இருந்தால் 4. ‘கொஞ்சம் லூசாகப் போகிறது’ என்பதைவிட ‘நாளைக்கு ஐந்து முறை, 6’ என்பது மருத்துவருக்கு நூறு மடங்கு பயன்படும்.

இரண்டாவது, மருந்துப் பட்டியல். பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தானே வாங்கிப் போடும் மாத்திரைகளைப் பலர் சொல்வதில்லை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவைதான் இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இரும்புச்சத்து, மூலிகைப் பொடிகள், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, எடை குறைக்கும் ஊசி எல்லாமே பட்டியலில் வர வேண்டும்.

மூன்றாவது, பழைய ரிப்போர்ட்டுகள். ஸ்கேனைவிட முக்கியம் முந்தைய எண்டோஸ்கோப்பி (உள்ளே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தது) ரிப்போர்ட்டும் அதற்கான பயாப்சி (எடுத்த சதைத்துணுக்கை ஆய்வகத்தில் பார்த்தது) ரிப்போர்ட்டும். இரண்டும் தனித்தனித் தாள்கள். முதல் தாளைப் பத்திரமாக வைத்துவிட்டு இரண்டாவதை வாங்காமலே விட்டவர்கள் ஏராளம்.

சந்திப்புக்கு முன் கவனமாக இருக்க வேண்டியவை இரண்டு. வயிறு உப்புகிறது என்று கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, நீங்கள் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். அதேபோல் இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான மூச்சு அல்லது மலப் பரிசோதனைக்கு முன் ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் வகை மாத்திரைகளை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக்கையும் பிஸ்மத்தையும் 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும். இரைப்பையில் ஏற்கெனவே ரத்தம் கசிந்தவர்கள் அந்த மாத்திரையைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

5. மருத்துவரின் அறையில்

உங்களுக்கு எது அதிகக் கவலையோ அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ரத்தம் போவதைக் கூச்சத்தால் கடைசிவரை அடக்கி, கிளம்பும்போது கதவருகே நின்று சொல்வது அடிக்கடி நடக்கிறது. அதற்குள் மருத்துவர் நெஞ்செரிச்சலுக்கு மருந்து எழுதி முடித்திருப்பார்.

ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். ஒரு நிமிட வேலை. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டி, வெடிப்பு, மலத்தின் நிறம், தசையின் இறுக்கம் எல்லாம் அதில் தெரியும். பெண் மருத்துவர் வேண்டும், துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எந்தப் பரிசோதனை எழுதினாலும் ‘இதில் எதைத் தேடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு) கண்ணுக்குத் தெரியாத ரத்த இழப்பைக் காட்டும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தைப் பார்ப்பது, குடலில் அழற்சி இருக்கிறதா அல்லது ஐ.பி.எஸ். போன்ற செயல்பாட்டுக் கோளாறா என்று பிரிக்க உதவும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்தால் பொதுவாக மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு ஸ்கோப்பியும் தேவைப்படும். மாத்திரை கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டு, ரத்தம் எங்கே போனது என்று பார்க்காமல் விடுவது பெரிய பிழை.

இரண்டு தவறான நிம்மதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வயிற்று அல்ட்ராசவுண்ட் நார்மல் என்பது பெருங்குடல் சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. காற்று நிறைந்த குடலுக்குள் அந்தக் கருவியால் சரியாகப் பார்க்க முடியாது. சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களைக் கண்காணிக்கப் பயன்படுவது. ஆரம்பநிலைக் கட்டியில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

6. ஸ்கிரீனிங்குக்கு எந்தப் பரிசோதனை?

சராசரி ஆபத்துள்ளவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள்.

ஃபிட் என்ற மலப் பரிசோதனை: மலத்தில் மறைந்திருக்கும் மனித ரத்தத்தைத் தேடுகிறது. வீட்டிலேயே செய்யலாம், பத்தியம் வேண்டாம், பேதி மருந்து வேண்டாம். ஒருமுறை செய்தால் நான்கில் மூன்று புற்றுநோய்களைப் பிடிக்கும். முற்றிய பாலிப்களில் (புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகம் உள்ளவை) நான்கில் ஒன்றைத்தான் பிடிக்கும். ஆண்டுதோறும், சில நாடுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, தவறாமல் செய்தால்தான் இதற்கு மதிப்பு. ஒரு வருடம் செய்துவிட்டு மறந்துபோகிறவருக்கு இது காவல் இல்லை.

கொலோனோஸ்கோப்பி: குடல் முழுவதையும் கேமராவால் பார்த்து, பாலிப்பை அங்கேயே எடுத்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது பத்து ஆண்டு கழித்து. தயாரிப்பும் ஒருநாள் விடுப்பும் தேவை.

மலத்தில் டி.என்.ஏ. பார்ப்பது (1–3 ஆண்டுக்கு ஒருமுறை), சி.டி. ஸ்கேனால் பெருங்குடலைப் பார்க்கும் சி.டி. கொலோனோகிராஃபி (5 ஆண்டுக்கு ஒருமுறை) ஆகியவையும் உண்டு. ரத்தத்திலேயே பார்க்கும் புதிய பரிசோதனைகள் பாலிப்பைக் கண்டுபிடிப்பதில் மிகவும் பலவீனமானவை. மற்ற எதற்கும் உடன்படாதவருக்கு மட்டும் யோசிக்கலாம்.

குடும்ப வரலாறு உள்ளவர்கள், முன்பு அடினோமா எடுத்தவர்கள், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தத் தேர்வு கிடையாது. கொலோனோஸ்கோப்பிதான்.

7. ஃபிட் மாதிரியை எடுக்கும் முறை

1. மூலத்தில் ரத்தம் வரும் நாட்களிலும் மாதவிடாய் நாட்களிலும் எடுக்காதீர்கள். வேறு இடத்து ரத்தம் கலந்து பாசிட்டிவ் ஆகிவிடும்.
2. சிறுநீரை முதலில் கழித்துவிடுங்கள். பிறகு காகிதத்தையோ பெட்டியில் வரும் விரிப்பையோ வைத்து, மலம் கழிப்பறைத் தண்ணீரில் விழாமல் பிடியுங்கள். தண்ணீர் பட்டால் ரத்தம் கரைந்துபோகும்.
3. குச்சியின் நுனியால் மலத்தின் மேற்பரப்பில் நான்கைந்து இடங்களில் சுரண்டுங்கள். ரத்தம் மலம் முழுக்கச் சீராகக் கலந்திருக்காது.
4. குச்சியின் வரிப்பள்ளம் நிரம்பினால் போதும். அள்ளிப் போட்டால் ஆய்வகம் திருப்பி அனுப்பும்.
5. மூடி அழுத்தி, தேதி எழுதி, அன்றே அல்லது மறுநாளே அனுப்புங்கள். வெயிலிலும் காரிலும் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து பொய்யான நெகட்டிவ் வரும்.

தேதி எழுத மறந்ததாலேயே வீணாகும் குப்பிகள் நிறைய.

பாசிட்டிவ் வந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை. பலருக்குப் பாலிப் இருக்கும், சிலருக்கு மூலம், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் கொலோனோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும். இன்னொரு ஃபிட் செய்து அது நெகட்டிவ் வந்தால் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாலிப்பும் கட்டியும் விட்டுவிட்டுத்தான் கசியும். இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை அழிக்காது. சில வாரங்களுக்குள் தேதி வாங்குங்கள். பத்து மாதங்களுக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் முற்றிய புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

8. கொலோனோஸ்கோப்பிக்கு ஒரு வாரம் முன்: மருந்துகள்

தேதி கிடைத்த அன்றே மருந்துப் பட்டியலைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘நிறுத்தவா, தொடரவா, எந்த நாளிலிருந்து?’ என்று எழுதி வாங்குங்கள். முந்தைய நாள் மாலை போன் செய்தால் நேரம் கடந்திருக்கும்.

- இரும்புச்சத்து: 5–7 நாள் முன் நிறுத்த வேண்டும். மலத்தைக் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் ஆக்கிக் குடற்சுவரில் அப்பிக்கொள்ளும்.
- வார்ஃபரின், கிளோபிடோக்ரெல், அபிக்சாபான் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள்: ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கு வேறு. ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர், செயற்கை வால்வு உள்ளவர் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் சேர்ந்து சொல்ல வேண்டிய விஷயம். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள்.
- டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள்: பொதுவாக 3 நாள் முன் நிறுத்துவார்கள். சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் இவை ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தை ஏற்றிவிடும். சர்க்கரை அளவு இயல்பாக இருக்கும்போதே அது நடப்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.
- இன்சுலின்: உணவு குறையும் நாளில் அளவும் குறைய வேண்டும். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு தெளிந்த திரவம் மட்டும் குடித்தால் சர்க்கரை சரிந்துவிடும்.
- எடை குறைக்கும் செமாகுளூடைட் வகை ஊசி: இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரையைப் பொதுவாக அன்று காலையும் சிறிது தண்ணீரோடு போடச் சொல்வார்கள். நீர் பிரியச் செய்யும் மாத்திரையை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

9. குடலைச் சுத்தம் செய்வது

கொலோனோஸ்கோப்பியின் தரத்தில் நோயாளியின் கையில் இருப்பது இந்தப் படிதான். மிகச் சிறந்த மருத்துவராலும் மலத்துக்கு அடியில் இருக்கும் பாலிப்பைப் பார்க்க முடியாது.

உணவு. முந்தைய நாள் நார்ச்சத்துக் குறைந்த உணவு. மலச்சிக்கல் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், போன முறை சுத்தமாகாதவர்கள் 2–3 நாள் முன்பே தொடங்க வேண்டும். சில சமயம் மருந்தின் அளவும் கூடும். வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, முட்டை, மீன், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு சாப்பிடலாம். விதை, தோல், கீரை, பருப்பு, முழுத்தானியம், கொட்டை வகைகள் கூடாது. விதைகள் பேதியிலும் வெளியேறாமல் தங்கி, ஸ்கோப்பின் உறிஞ்சும் குழாயை அடைத்துவிடும். எந்த வேளையிலிருந்து திட உணவை நிறுத்த வேண்டும் என்பதற்கு உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளைப் பின்பற்றுங்கள். அதன் பிறகு தெளிந்த திரவம் மட்டுமே: தண்ணீர், வடிகட்டிய சூப், பால் சேர்க்காத தேநீர், சக்கையில்லாத ஆப்பிள் சாறு. சிவப்பும் ஊதாவும் வேண்டாம்; உள்ளே பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும்.

மருந்தைப் பிரித்துக் குடிப்பது. பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த பேதி மருந்து 2 லிட்டராகவோ 4 லிட்டராகவோ இருக்கும். பாதியை முந்தைய நாள் மாலையும், மீதியைப் பரிசோதனைக்கு 4–6 மணி நேரம் முன் தொடங்கியும் குடிக்க வேண்டும். கடைசி மடக்கு, பரிசோதனைக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன் முடிந்திருக்க வேண்டும். மயக்கத்தில் இரைப்பைத் திரவம் நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. காலை 9 மணிக்கு நேரம் என்றால் 4 மணிக்கு எழுந்து தொடங்கி 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

விடியற்காலையில் எழுவது கொடுமை என்று முழு மருந்தையும் முதல்நாளே குடித்துவிடுகிறவர்கள் உண்டு. இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சளியும் வடிந்து பெருங்குடலின் வலப்பக்கத்தில் மஞ்சள் படலமாகப் படியும். தட்டையான, பார்க்கவே கடினமான பாலிப்கள் அதிகம் இருப்பது அந்த வலப்பக்கத்தில்தான். காலை மருந்து அந்தப் படலத்தைக் கழுவிவிடுகிறது.

குடிக்கும் வேகம். 250 மி.லி. டம்ளர் ஒன்றை 10–15 நிமிடத்துக்கு ஒருமுறை. மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருந்தால் குடலை அலசும் வேகம் கிடைக்காது. குளிர வைத்து, ஸ்ட்ரா வைத்து, நாக்கின் பின்பக்கமாக இழுத்தால் சுவை குறைவாகத் தெரியும். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

முதல் டம்ளரிலிருந்து ஒரு மணி நேரத்தில் பேதி தொடங்கலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். ஆசனவாயைச் சுற்றி முன்கூட்டியே வாசலின் தடவிவையுங்கள். துடைப்பதைவிடத் தண்ணீரால் கழுவி ஒற்றி எடுப்பது நல்லது. பத்தாவது முறைக்குப் பிறகு இந்தச் சின்ன ஏற்பாட்டின் அருமை தெரியும்.

போதுமா என்று பார்ப்பது. முதலில் கட்டி, பிறகு பழுப்பான கலங்கல் நீர், பிறகு ஆரஞ்சு, கடைசியில் சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சள் நீர். கழிப்பறைக் கிண்ணத்தின் அடி தெளிவாகத் தெரிய வேண்டும். நிறைய தடவை போனது என்பது கணக்கில்லை. கடைசியாகப் போனது எப்படி இருந்தது என்பதே கணக்கு. ‘நன்றாகப் போய்விட்டது’ என்று மீதி மருந்தைக் கொட்டுகிறவர்கள் பழுப்புக் கலங்கலிலேயே நின்றுவிட்டவர்கள். முழு மருந்தும் குடித்த பிறகும் கலங்கலாகவே இருந்தால் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள். எனிமாவோ கூடுதல் மருந்தோ கொடுக்க வழியுண்டு.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சோடியம் பாஸ்பேட் வகைப் பேதி மருந்தைத் தொடக் கூடாது. அது சிறுநீரகத்தை நிரந்தரமாகப் பாதிக்கலாம்.

10. பரிசோதனை நாள்

துணைக்கு ஒருவர் கட்டாயம். மயக்க மருந்து கொடுத்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டவோ, பத்திரங்களில் கையெழுத்துப் போடவோ கூடாது. தெளிவாகப் பேசுவது போலத் தோன்றினாலும் பேசியது பலருக்கு நினைவிருக்காது. மருத்துவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் துணை தேவை.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். ஸ்கோப், சுமார் ஒன்றரை மீட்டர் நீளப் பெருங்குடலைத் தாண்டி, சிறுகுடல் சேரும் சீக்கம் வரை போகும். போகும்போது பார்ப்பதைவிட, மெல்ல வெளியே இழுக்கும்போது மடிப்பு மடிப்பாக நீக்கிப் பார்ப்பதே முக்கியம். பாலிப் இல்லாத பரிசோதனையிலும் இந்த வெளியேறும் நேரம் குறைந்தது 6 நிமிடம், புதிய அமெரிக்க வழிகாட்டல்படி 8 நிமிடம், இருக்க வேண்டும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், அவருடைய அடினோமா கண்டறியும் விகிதத்தைக் கேட்கலாம். அவர் பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேரிடம் அடினோமா கண்டுபிடித்தார் என்பது அது. முன்பு 25 சதவீதம் போதும் என்றிருந்த அளவு, 2024-ல் அமெரிக்க வழிகாட்டலில் 35 ஆனது. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரிய பாலிப் எடுக்கும்போது ஆபத்து கூடும். ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன் உங்கள் நிலைக்கு அது எவ்வளவு என்று கேளுங்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

வயிறு உப்பலும் வாயுவும் சில மணி நேரத்தில் சரியாகும். நடந்தால் சீக்கிரம் வெளியேறும். பயாப்சி எடுத்திருந்தால் ஓரிரு துளி ரத்தம் வரலாம்.

கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, காய்ச்சல், இறுகிய வயிறு, தொடர் ரத்தப்போக்கு, மயக்கம் வந்தால் உடனே அவசரப் பிரிவு. பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரையிலும் ரத்தம் கசியலாம். பொருக்கு உதிரும்போது அது நடக்கிறது. பத்தாவது நாள் ரத்தம் வந்தால் ‘அன்றைக்கே முடிந்துவிட்டதே’ என்று அலட்சியம் வேண்டாம். நிறுத்தியிருந்த, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். தொடங்க மறந்துபோவதும் நடக்கிறது. அதன் விலை பக்கவாதமாக இருக்கலாம்.

12. இரண்டு ரிப்போர்ட்டுகளும் அடுத்த தேதியும்

ஸ்கோப்பி ரிப்போர்ட்டில் மூன்றைத் தேடுங்கள். சீக்கம் வரை போனதா? குடல் எவ்வளவு சுத்தம்? சுத்தத்தை அளக்கும் பாஸ்டன் மதிப்பெண் என்றால் பெருங்குடலின் மூன்று பகுதிக்கும் தனித்தனியாக 0–3. ஒவ்வொன்றிலும் 2-க்குக் குறையக் கூடாது. பாலிப் எத்தனை, எத்தனை மி.மீ., முழுதாக எடுத்தார்களா? சுத்தம் போதவில்லை என்றால் பத்து ஆண்டு கணக்கு செல்லாது. ஒரு வருடத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும்.

பயாப்சி முடிவு சில நாட்கள் கழித்து வரும். அது வராமல் அடுத்த தேதியைச் சொல்ல முடியாது. அமெரிக்கப் பல்சங்கப் பணிக்குழுவின் 2020 பரிந்துரை இப்படி:

- மலக்குடல் பக்கம் சின்ன ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் (பொதுவாக ஆபத்தில்லாத வகை) மட்டும்: 10 ஆண்டு
- 10 மி.மீ.-க்குக் குறைந்த அடினோமா 1–2: 7–10 ஆண்டு
- அதே அளவில் 3–4: 3–5 ஆண்டு
- 5–10 அடினோமா, அல்லது 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், அல்லது வில்லஸ் தன்மை (விரல் போல நீண்ட திசு அமைப்பு), உயர்நிலை டிஸ்பிளேசியா (புற்றுநோயை நெருங்கும் செல் மாற்றம்): 3 ஆண்டு
- பத்துக்கு மேல் அடினோமா: 1 ஆண்டு
- 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டதைத் துண்டு துண்டாக எடுத்தது: 6 மாதம்

ஐரோப்பிய வழிகாட்டல், சின்ன அடினோமா நான்கு வரை இருந்தாலும் வழக்கமான ஸ்கிரீனிங்குக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் உங்கள் மருத்துவர் சொல்லும் எண் மேலே உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் காரணம் கேளுங்கள். அவசரப்பட்டுத் தவறு என்று முடிவுகட்டாதீர்கள்.

இடையில் ரத்தமோ, எடைக்குறைவோ, மலவழக்க மாற்றமோ வந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. போன பரிசோதனை நார்மல் என்பது அப்போது காரணமாகாது. உடனே முதல் படிக்குத் திரும்புங்கள்.

கடைசியாக, பயாப்சியில் புற்றுநோயோ முற்றிய அடினோமாவோ வந்திருந்தால் அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். உடன்பிறந்தவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ரிப்போர்ட்டின் நகலை உங்கள் வயது எழுதி அனுப்புங்கள். அவர்கள் தொடங்க வேண்டிய நாளைக் கணக்கிட அந்த வயதுதான் தேவைப்படும்.